பழைய ஜீப்புக்குப் புதிய சாய்மானம்

தைத்து முடித்த இருக்கையின்மேல் உள்ளங்கையைப் பரப்பி, குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பவரைப் போல, பாத்தண்ணன் மெல்ல நகர்த்திக்கொண்டே போகிறார். ஊசி எதுவும் உள்ளே தங்கிவிடவில்லை என்று முதலில் கை சொல்ல வேண்டும். கை சொன்னால் போதாது. முழங்கையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் நம்பிக்கை வராமல், கண்களை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, தாமே அதில் உட்கார்ந்து பார்க்கிறார். ஒன்றும் குத்தவில்லை. அடக்கியிருந்த மூச்சை விட்டு எழுந்து, காத்திருக்கும் வாடிக்கையாளரிடம், “இப்ப நீங்க உக்காருங்க… பாத்து” என்கிறார்.

இலக்கணப்படி ‘பார்த்து’ என்று இருக்க வேண்டிய சொல் அது. அவர் வாயில் புழங்கிப் புழங்கி, நடுவிலிருந்த மெய்யெழுத்து தேய்ந்து உதிர்ந்துவிட்டது. படியேறுபவரிடம் பாத்து, படியிறங்குபவரிடம் பாத்து, தேநீர் குடிப்பவரிடம் பாத்து, சும்மா நிற்பவரிடமும் பாத்து. கடைசியில் தெரு அந்தச் சொல்லையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. மூத்தவர்களுக்கு அவர் பாத்து, இளையவர்களுக்குப் பாத்தண்ணன், பிள்ளைகளுக்குப் பாத்து மாமா. குஷன் கடையின் பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மின்விசிறிக்கு நேர்க்கீழே அவர் உட்கார மாட்டார். அதனால்தான் தையல் இயந்திரம் காற்றே வராத மூலையில் கிடக்கிறது. கோடையில் ரெக்சினும் அவரும் சேர்ந்து வியர்க்கிறார்கள். சாலையைக் கடக்கும்போது வண்டி வந்தால் நிற்பார்; எதுவும் வராவிட்டால், ஏன் வரவில்லை என்ற சந்தேகத்தில் இன்னும் சற்று நேரம் நிற்பார். கடையைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பதோடு விடாமல், இழுத்த வேகத்தில் அது திறந்திருக்குமோ என்று திரும்பி வந்தும் பார்ப்பார். “உங்களுக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா, ஏன் கிடைக்கலைன்னு பயப்படுவீங்க” என்று மனைவி சொல்வதைக் கேட்டு அவரும் சிரிப்பார். சிரிக்கும்போதே வாசல் பக்கம் ஒரு கண் போய்வரும்.

வண்டி ஓட்ட அவர் கற்றுக்கொள்ளவில்லை. ஊரிலுள்ள ஓட்டுநர்களில் பாதிப்பேர் அவர் தைத்த இருக்கைகளில்தான் காலம் கழிக்கிறார்கள். அவரோ ஓடுகிற வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்லை. வண்டி நின்று, இயந்திரம் ஆறி, சாவி உரியவரின் சட்டைப்பைக்குள் போன பிறகுதான் அவருடைய வேலை தொடங்கும்.

உலகத்தில் அவர் அஞ்சாதது ஒன்றே ஒன்று, தம் தையல். “என் தையல்ல தப்பு இருக்காது. இருந்தா அது உக்கார்றவர் உடம்புலதான் இருக்கும்” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் நடுக்கம் இராது. அவர் கற்ற பாடமும் கற்பிக்கும் பாடமும் ஒன்றுதான்: நல்ல இருக்கை உடம்பை மறக்கடிக்க வேண்டும். வாடிக்கையாளரை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். உடம்பில் எந்த இடம் நினைவுக்கு வருகிறது என்று கேட்பார். இடுப்பு என்றால் இருக்கையில் இடுப்பு படும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு விழும். தோள் என்றால் தோள் படும் இடத்தில் விழும். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்று அவர்கள் சொல்லும்வரை ஸ்பாஞ்சை வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருப்பார்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பெருத்த குரல், பெருத்த வயிறு. பயம் என்ற சொல்லையே மாப்பிள்ளையைக் கிண்டல் செய்வதற்காக மட்டும் பயன்படுத்துபவர். ராணுவம் கழித்துப்போட்ட பழைய ஜீப் ஒன்றைப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து வாங்கி வந்து, ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து மாட்டி, உயிர் கொடுத்திருந்தார். ஜீப்புக்கு உயிர் வந்த வேளையில் அவருடைய முதுகுக்குப் போய்விட்டது. தண்டுவடத்தில் அறுவைச் சிகிச்சை. கடினமான இருக்கையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ஜீப்பைவிடக் கடினமான இருக்கை உலகில் உண்டா என்பது சந்தேகம். இரும்புத் தகட்டின்மேல் பெயருக்கு ஒரு மெத்தை. முதுகுக்குக் கித்தான் போர்த்திய ஒரு பலகை. ஸ்டீயரிங் வயிற்றை இடித்தது. முழங்கால் இரண்டும் அதன் இருபுறமும் தவளைக்கால்களைப் போல விரிந்து நின்றன. தெருக்கோடிவரை ஓட்டிவிட்டு வந்தவரை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

அண்ணன் வலியில் முகம் சுளித்ததைப் பார்த்த தங்கை, அன்றே கணவரிடம் பேசினாள். ஊரார் முதுகுக்கெல்லாம் மெத்தை தைப்பவர் தன் அண்ணன் முதுகை மட்டும் ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டாள். கேள்வியாகத்தான் கேட்டாள், ஆனால், அதற்குப் பதில் சொல்ல இடம் வைக்கவில்லை.

வேலையைத் தொடங்கிய முதல் நாளே பாத்தண்ணன் இரண்டடி பின்னால் போனார். பழைய மெத்தையைத் தூக்கினால் அடியில் ஒரு மூடி. மூடிக்குக் கீழே பெட்ரோல் தொட்டி. ஓட்டுபவரை நேராகப் பெட்ரோலின் மேலேயே உட்காரவைத்திருந்தார்கள். பெட்ரோல் போட வேண்டுமானால் ஓட்டுநர் எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த மெத்தையைத் தூக்கித்தான் போட வேண்டுமாம். இதைப் பெருமையோடு விளக்கிய மச்சானிடம், இதில் உட்கார்ந்து எப்படி நிம்மதியாக ஓட்டினீர்கள் என்று அவர் கேட்டார்.

“உக்காந்திருக்கிறது எதுமேலன்னு யோசிச்சா எந்த வேலையும் ஓடாது, மாப்ள” என்றார் மச்சான்.

அதன்பிறகு பாத்தண்ணன், தொட்டியைக் கழற்றி வெளியே வைத்து, காற்றோட்டமாகக் காயவிட்டு, மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தார். ஆனால், எடுத்தபின் அவர் வேறு மனிதர். இருக்கைச் சட்டத்தை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிப் புதிய துளைகளில் பொருத்தச் சொன்னார்; மச்சானின் வயிறு ஸ்டீயரிங்கிலிருந்து விடுதலை பெற்றது. தொடைக்குச் சற்றே தூக்கலாக முன்விளிம்பு, வால் எலும்பு அழுந்தாமல் நடுவில் ஒரு பள்ளம். சாய்மானத்தில்தான் தம் கைவரிசை முழுவதையும் காட்டினார். பழைய பலகையைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, வெறும் சட்டத்தில் நாடாக்களைப் பின்னி, அதன்மேல் அடுக்கடுக்காக ஸ்பாஞ்சு வைத்தார். அடியில் கொஞ்சம் கெட்டியானது, நடுவில் மென்மையானது, மேலே பஞ்சு போன்றது. இருபுறமும் முதுகை அணைத்துக்கொள்ள மேடுகள். ராணுவப் பச்சைக்கு ஒத்த நிறத்தில் ரெக்சின் தேடிக் கடை கடையாக அலைந்தார்.

முடிந்த அன்று மச்சானை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மச்சான் மூடினார். அப்படியே சாய்ந்து கிடந்தார். வலியோ என்று தங்கை பதறி எட்டிப் பார்த்தபோது, மூடிய கண்ணைத் திறக்காமலே, “முதுகைக் காணோம்மா” என்றார். கால் பிரேக்குக்கு எட்டுகிறதா என்று பாத்தண்ணன் கேட்டார். எட்டுகிறது என்றார் மச்சான். காலை அதன்மேல் வைத்தும் காட்டினார்.

அந்தச் சந்தோஷத்தோடு அவர் ஜீப்பைக் கிளப்பிப் பக்கத்துத் தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து கடைவாசலில் நிறுத்தும்போது, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. சற்றே முன்னால் போய், பழுது பார்க்க வந்திருந்த முடிதிருத்தும் நாற்காலியைச் சாய்த்துவிட்டு நின்றது. சிறிய சேதம்தான். சீட்டுச் சுகத்தில் கால் தூங்கிவிட்டது என்று மச்சான் சிரித்தார். மறுநாளே சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கைச் சுத்தம் செய்து இறுக்கி மாட்டிவிட்டு, இனி யானையைக்கூட நிறுத்தும் என்றார். இந்தக் காலத்து வண்டிகளைப் போல இதில் கால் பட்டவுடன் பிரேக் பிடிக்காது என்றும், பூட்டிய கதவை உதைத்துத் திறப்பதைப் போல மிதிக்க வேண்டும் என்றும் மாப்பிள்ளைக்குப் பாடமும் எடுத்தார்.

பாத்தண்ணன் தலையை ஆட்டினார். ஆனால், நாற்காலி சாய்ந்த அந்தக் கணத்தில் அவர் எதையோ பார்த்துவிட்டார். மச்சானின் தோள்கள் பின்னால் போயின. அவ்வளவுதான் பார்த்தது. அது ஏன் தம்மை விடாமல் துரத்துகிறது என்று அவருக்கே புரியவில்லை. சாப்பிடும்போது அந்தத் தோள்கள் நினைவுக்கு வந்தன, குளிக்கும்போது வந்தன. கடைவாசலை ஜீப் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஊசியைப் பிடித்த விரல்கள் நின்றுவிட்டன. சொல்லலாம் என்றால் என்னவென்று சொல்வது? உங்கள் தோள் பின்னால் போகிறது என்றா? இதுவரை மாப்பிள்ளை சொன்ன பயங்களில் பலித்தது எது என்று மச்சான் கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் ஊருக்கு வெளியே உள்ள மலைக்குப் புறப்பட்டார்கள். மேலே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. பார்த்துவிட்டு இறங்கி வரலாம். பாதை செங்குத்தானது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடையிடையே உடைந்த கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் வெறும் காற்று. பாத்தண்ணனையும் கூப்பிட்டார்கள். முடிதிருத்தும் நாற்காலி முடியவில்லை என்று அவர் தப்பித்துக்கொண்டார். மனைவி முன்னிருக்கையில் ஏறிப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். வெகுநாளைக்குப் பின் அவள் முகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் களை. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர், “பாத்து, மச்சான்… பாத்து” என்றார்.

“பாத்தியா, உன் வீட்டுக்காரர் தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கிறாரு” என்றார் மச்சான். அவள் சிரித்தாள். ஜீப் போய்விட்டது.

நாற்காலியின் முதுகுத்தோலைத் தைக்க உட்கார்ந்தார். கனத்த தோலில் மெழுகு நூலை இறுக்குவதற்கு அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் கொடுத்து, வலது காலைத் தையல் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் ஊன்றி உந்திக்கொண்டு நூலை இழுப்பார். அன்றும் அப்படித்தான் இழுத்தார். நூல் இறுகவில்லை. இன்னும் பலமாக உந்தினார். உந்த உந்த உடம்பு பின்னால் அமிழ்ந்தது. ஊன்றிய கால் சட்டத்தை விட்டு வழுக்கி வந்தது. நூல் தொய்ந்து தொங்கியது.

திரும்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை. சாய்மானத்துக்கு வெட்டியது போக மிஞ்சிய ஸ்பாஞ்சை அவர்தாம் அங்கே சார்த்தி வைத்திருந்தார்.

கையிலிருந்த நூல் நழுவியது. மீண்டும் ஒருமுறை காலை ஊன்றி, நூலே இல்லாமல், வெறுமனே மிதித்துப் பார்த்தார். முதுகு உள்ளே போயிற்று. கால் பின்னால் வந்தது. முதுகுக்குக் கெட்டியான பிடிப்பு இல்லாதவனால் எதையும் மிதிக்க முடியாது. ராணுவத்துக்காரன் அங்கே பலகை வைத்தது கஞ்சத்தனத்தால் அல்ல. கடையில் மச்சான் பிரேக்கின்மேல் காலை வைத்துத்தான் காட்டினார்; மிதித்துக் காட்டவில்லை. மிதிக்கச் சொல்ல வண்டி ஓட்டத் தெரியாத தமக்குத் தோன்றவில்லை. மலை ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறங்கும்போதுதான் அவர் உதைப்பார். உதைக்க உதைக்கச் சாய்மானம் அவரைப் பின்னுக்கு வாங்கிக்கொள்ளும். ஒரு சாண் தள்ளிப்போட்ட இருக்கை மிச்சத்தையும் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

கைப்பேசியை எடுத்து மச்சானின் எண்ணுக்கு அழைத்தார். மனைவிதான் எடுத்தாள். நீர்த்தேக்கம் எவ்வளவு அழகு என்று தொடங்கியவளை இடைமறித்து, மச்சானிடம் கொடுக்கச் சொன்னார். காற்றின் இரைச்சலுக்கு நடுவே மச்சானின் குரல் கேட்டதும், யோசித்து வைத்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. வாய் தன் பழக்கப்படி, “பாத்து வாங்க, மச்சான்… பிரேக்…” என்றது. மறுமுனையில் வெடித்த சிரிப்பில் மீதி அமுங்கிப்போயிற்று. பிரேக்கைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், மாப்பிள்ளை போய் ஒரு டீ குடிக்கும்படியும் சொல்லி மச்சான் வைத்துவிட்டார்.

மறுபடியும் அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும். எழுந்து ஓடலாம் என்று தோன்றியது, எங்கே ஓடுவது? யாருடைய வண்டியையாவது கேட்கலாம்; அதற்குள் அவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டால்? முதுகை ஸ்பாஞ்சில் சாய்த்தவாறே, காலை இரும்புச் சட்டத்தில் ஊன்றியவாறே, அந்த மணியோசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்தபோது இயந்திரத்தின் உறுமலுக்கு மேல் மனைவி கத்திப் பேசினாள். இறங்கிக்கொண்டிருக்கிறார்களாம். வீட்டுக்கு வந்து பேசலாமாம்.

“அவர் காதுல வை” என்றார். அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசாமல் வைத்தாள்.

“மச்சான். நான் தப்பாத் தச்சுட்டேன்.”

உறுமல் மட்டும் கேட்டது.

“வண்டியில ஒண்ணும் இல்ல. என் தையல்லதான் தப்பு. நீங்க மிதிக்கிறப்ப முதுகு உள்ள போயிடும், கால் பின்னால வந்துடும். சாயாதீங்க. சாய்ஞ்சா நிக்காது.”

மச்சான் சிரிக்கவில்லை. அத்தனை வருடங்களில் மாப்பிள்ளையின் வாயிலிருந்து வராத சொல் வந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அல்லது அவர் கால் முன்பே சொல்லத் தொடங்கிய ஒன்றுக்கு அப்போதுதான் பெயர் கிடைத்திருக்க வேண்டும். “ஆமா மாப்ள, இப்பக்கூட…” என்றவர் முடிக்கவில்லை. “பிடிச்சுக்கோம்மா” என்று தங்கையிடம் சொன்னது தூரத்தில் கேட்டது. கைப்பேசி எதன்மேலோ விழுந்தது.

அதன்பின் பாத்தண்ணனுக்கு ஓசைகள் மட்டுமே மிஞ்சின. கியர் மாறும்போது இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். இயந்திரம் தொண்டை கிழியக் கதறியது. சற்றே தணிவதைப் போல இருந்து மறுபடியும் கதறியது. அவள் ‘அண்ணா’ என்றாள். தம்மை அழைக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். சரளைக் கற்கள் தகரத்தில் மழையாகத் தெறித்தன. பிறகு, நீளமாக, ஒரு தகட்டைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போவதைப் போன்ற கிறீச்சிடல். பாறையா, கைப்பிடிச் சுவரா என்று காதுக்குப் பிடிபடவில்லை. எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? அவர் மிதித்தார். முதுகு அமிழ அமிழ, ஸ்பாஞ்சு முழுவதும் நசுங்கி அதன் பின்னாலிருந்த சுவர் தோள்பட்டை எலும்பில் இடிக்கும்வரை, இரும்புச் சட்டத்தை மிதித்தார்.

எல்லாம் நின்றது.

காற்று வீசியது கேட்டது. எங்கேயோ ஒரு பறவை, எதுவுமே நடக்காததைப் போலக் கூவியது. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் யாரோ இருமினார்கள். கதவற்ற அந்த ஜீப்பிலிருந்து யாரோ இறங்க, காலடியில் கற்களின் சலசலப்பு. பிறகு கைப்பேசியைத் தேடித் தடவும் ஓசை, மூச்சு, அவளுடைய மூச்சு.

“ஏங்க… நின்னுடுச்சு. பாறைப் பக்கமா உரசி நிறுத்திட்டாரு. எங்களுக்கு ஒண்ணும் ஆகல. கேக்குதா?”

அவர் தலையசைத்தார். தலையசைப்பது கைப்பேசியில் தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை.

மச்சான் வாங்கிப் பேசினார். குரலில் வழக்கமான கனம் இல்லை. “மாப்ள, அந்தப் பழைய பலகையை எடுத்துக்கிட்டு, யாரையாவது வண்டியில கூட்டிக்கிட்டு மேல வாங்க. நீங்க வந்து மாட்டினாத்தான் நான் இதை எடுப்பேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “பாத்து வாங்க” என்றார். அதில் கிண்டல் இல்லை.

சரி என்று சொல்லிக் கைப்பேசியை மடியில் வைத்த பாத்தண்ணன், எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. வலது பாதம் இன்னும் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தை மிதித்துக்கொண்டிருந்தது. மலைமேல் வண்டி நின்றுவிட்ட செய்தி அந்தக் காலுக்குப் போய்ச் சேரவில்லை. எடு என்று நினைத்தார், அது எடுக்கவில்லை. குனிந்து, இரண்டு கைகளாலும் முழங்காலைச் சேர்த்துப் பிடித்து, அடுத்தவர் காலைத் தூக்குவதைப் போல மெல்லத் தூக்கி, சட்டத்திலிருந்து விடுவித்துத் தரையில் வைத்தார்.